விடுமுறைக்கு மறுநாள் ஒரு வழியனுப்பு விழா

தலைமை தாங்கித் தனிமையிலே தவிக்கும் எங்கள் இயக்குநர் வான் வெஸ்ஸம் அவர்களே! விழா நாயகர், ஓட்டுநர் திலகம் ஹார்மன் அவர்களே! அவரை ஈன்று, இன்று முன்வரிசையையும் காத்து நிற்கும் அன்னை ஃபோக்யே அவர்களே! வாசித்துவிட்டு ஓடக் காத்திருக்கும் எக்காளக் கலைஞர்களே! வருவதாகச் சொல்லி வராதவர்களின் நாற்காலிகளே! ஊழியர் சங்கத்தின் சார்பில் ரின்ஸ்கேயின் வணக்கம்.

எக்காளத் தம்பி, சிரிக்காதீர்கள். காசு வாங்கியதால்தானே நீங்களே வந்தீர்கள்?

இருபத்தைந்து ஆண்டுகள் எங்கள் கம்பெனிப் பேருந்தை ஓட்டியவர் ஹார்மன். வரும் திங்களன்று மனைவியோடு நார்வேக்கே குடிபோகிறார். பரிசு வேண்டாம் என்றார், பதக்கம் வேண்டாம் என்றார். “எல்லாருக்கும் ஒரு தடவை கை குடுத்துட்டுப் போறேன், அது போதும்” என்றார். அவ்வளவுதான் கேட்டார் அந்த மனிதர்!

கொடுக்க முடிந்ததா நம்மால்? நாள் பார்த்தோம், நாள் பார்த்தோம், நாய் படாத பாடு பட்டு நாள் பார்த்தோம்! மன்னர் நாளன்று வைக்கலாமா? ஊரே ஆரஞ்சுச் சட்டையோடு தெருவில் பழைய சாமான் விற்கும். மே நான்கு மாலை? போரில் மாண்டவர்களுக்காக நாடே மௌனம் காக்கும் வேளையில் எக்காளமா ஊதுவது? மே ஐந்து, விடுதலை நாள்? நம் கம்பெனியில் அது ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் விடுமுறை. இந்த ஆண்டு இல்லை. ஆனால் உண்டு என்று பாதிப் பேர் சத்தியம் செய்கிறார்கள்!

அப்போதுதான் இயக்குநர் அந்த முத்தை உதிர்த்தார். “விண்ணேற்றத் திருநாளான வியாழன்தானே லீவு? மறுநாள் வெள்ளி சட்டப்படி வேலை நாள். அன்னைக்கு வெச்சிடலாம்!”

“ஐயோ வேணாங்க, ஒருத்தரும் வர மாட்டாங்க” என்றேன்.

“சட்டத்துல எங்க எழுதியிருக்கு, காட்டுங்க பாப்போம்!”

சட்டத்தில் எழுதவில்லை ஐயா. ஆனால் இந்த நாட்டில் ஒவ்வொருவர் ரத்தத்திலும் எழுதியிருக்கிறது! வெள்ளி விடுமுறையா? இல்லை. வேலை நாளா? அதுவும் இல்லை. வியாழனோடு சனி, ஞாயிறையும் சேர்த்துக் கூடாரம் கட்டும் நாள் அது!

காலையிலிருந்து வந்தன சாக்குகள். கணக்குப் பிரிவு சாண்டருக்கு அத்தையின் பிறந்தநாளாம். வென்டெலாவுக்கு இடுப்பு வலியாம், எழுந்திருக்கவே முடியவில்லையாம். சற்று முன் சாண்டர் ஆபீஸ் குழுவில் ஒரு படம் போட்டார், வீட்டுக்குழு என்று நினைத்து! டெக்ஸல் தீவின் கடற்கரை. பின்னால் ஓர் அம்மையார் பட்டம் விடத் துள்ளி ஓடுகிறார். யார்? இடுப்பு வலிக்கார வென்டெலா! அவருக்குப் பின்னால் கிடங்குப் பிரிவு மொத்தமும் கறி சுடுகிறது!

அட, ஒருவரை விட்டு ஒருவர் தப்பி, ஒரே தீவில் போய் விழுந்திருக்கிறீர்களே!

சிரித்தேன். ஆனால் ஹார்மன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்றிருந்தாரே!

அதனால் கேட்கிறேன். விடுமுறையை விழாவுக்காக வளைக்கப் பார்த்தோமே, வளைந்ததா? இனி விழா போகட்டும் விடுமுறையைத் தேடி! ஆப்பிள் கேக்கைக் கட்டுங்கள்! எக்காளத்தைத் தூக்குங்கள்! டென் ஹெல்டர் துறைமுகத்தில் டெக்ஸலுக்குப் போகும் கப்பல் இருக்கிறது, வாசலில் பேருந்து இருக்கிறது. ஹார்மன், ஓட்டுவீர்களா?

என்ன, என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். “ஓட்டறேன். ஆனா லீவுல போய் நின்னா சங்கடப்படுவாங்களே, ரின்ஸ்கே?”

படட்டுமே! அன்னை ஃபோக்யே என்ன சொல்கிறார்? “கூடாரத்துக்குள்ள ஒளிஞ்சா, கூடாரத்தையே புடுங்குடா!” ஆகா, கைதட்டுங்கள் தாய்க்கு! இயக்குநர் அவர்களே, நீங்களும்தான் வருகிறீர்கள். சட்டப்படி இன்று வேலை நாள்!

நாடகமாடிப் போனாலும், நாங்கள் அலையாதபடி ஒரே மணலில் கூடியிருக்கும் நண்பர்களுக்கு நன்றி. ஹார்மன், இன்று ஒரு கை பாக்கியில்லாமல் குலுக்கிவிட்டுத்தான் நீங்கள் நார்வே போகிறீர்கள். எல்லோருக்கும் வணக்கம், ஏறுங்கள் வண்டியில்!