விலகிய நாள்

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். பாலிங்கா, அதுதான் இந்தப் பழச்சாராயம், வேண்டும் என்பவர்கள் இப்போதே ஊற்றிக்கொள்ளுங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது, சொல்லிவிட்டேன்.

இரவு இரண்டே கால். நவம்பர் கடைசி. நோக்ராத் மலையில் போத்கா கிராமத்துக்கு ஏறும் ஒற்றைப் பாதை... இரண்டு பக்கமும் காடு. மரம் ஏற்றி வந்த லாரிக்காரன் வளைவில் திரும்புகிறான். விளக்கு வெளிச்சத்தில் ஒரு பெண். இரவு உடை. வெறுங்கால். கையில் தகர வாளி.

அவன் வண்டியை நிறுத்தி இறங்கினான். "இந்தக் குளிர்ல எங்கம்மா போறீங்க?"

"நேரமாச்சுப்பா. எசமானியம்மா எந்திரிக்கறதுக்குள்ள அடுப்பு மூட்டணும்."

அவள் பிரோஷ்கா. என் தோழி எமெஷேயின் சொந்த அக்கா. வீடு புடாபெஸ்டில். அங்கிருந்து அந்த வளைவுக்கு எண்பது கிலோமீட்டர். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. லாரியில் ஏற்றிக் கம்பளி போர்த்திய பிறகுதான் விழித்தாள். விழித்ததும் முதலில் தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் சாம்பல்.

பிரோஷ்கா லேசுப்பட்டவள் இல்லை. பன்னிரண்டு வருடமாக டிராம் ஓட்டுகிறாள். சனிக்கிழமை ராத்திரிக் குடிகாரனைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேருகிறவள். அப்படிப்பட்டவள் வாளியோடு மலையேறினாள் என்றால்...

எல்லாம் மூன்று வாரம் முன்பு ஒரு விளையாட்டில் தொடங்கியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவார்களே, அந்தக் கதை விளையாட்டு. ஒருத்தி கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பகடை உருட்டினால் கதை நகரும். இவர்கள் எடுத்துக்கொண்டது நூற்றுமுப்பது வருடம் முந்திய பணிப்பெண்களின் கதை. பெரிய மாளிகை, அதில் ஒரு ரகசியம், அதைத் துடைப்பமும் கையுமாகக் கண்டுபிடிக்க வேண்டும். கதைசொல்லி இபோயா, பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாரம்மா. பாத்திரங்கள் அக்காளும் தங்கையும்.

இபோயாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. போத்காவில் விடுதியாக மாறிவிட்ட நிஜ மாளிகையையே வாடகைக்குப் பிடித்தாள். அதோடு விட்டாளா? கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பழைய பணிப்பெண் புத்தகம் இருந்தது. கொண்டை ஊசியால் பூட்டைத் திறந்து அதையும் எடுத்துவிட்டாள்.

அந்தப் புத்தகம் என்ன தெரியுமா? அந்தக் காலத்தில் வேலைக்காரிக்கு அதுதான் தலையெழுத்து. பெயர், உயரம், கண் நிறம், அங்க அடையாளம். கீழே எஜமானி எழுத வேண்டியவை: விசுவாசம், நடத்தை, திறமை. சேர்ந்த நாள். விலகிய நாள். புத்தகம் எஜமானியின் அலமாரியில்தான் இருக்கும். விலகிய நாளை அவள் எழுதித் தராவிட்டால் வேறு எந்த வீட்டிலும் வேலை கிடையாது. ஓடினால் ஜெண்டார்ம் என்கிற நாட்டுப்புறப் போலீஸ்காரன் பிடித்துவந்து அதே வாசலில் விடுவான்.

முதல் பக்கத்தில் வெரோன் என்று ஒரு பெண். வயது பதினாலு. எஜமானி கோர்நேலியாவின் கையெழுத்தோடு சேர்ந்த நாள் இருந்தது. விலகிய நாள் காலி.

அடுத்த பக்கம் வெறுமையாக இருந்தது. இபோயா அதைப் பிரோஷ்காவிடம் நீட்டி, "உன் பாத்திரத்தை இதுல எழுதுடி. அசலா இருக்கும்" என்றாள்.

"என்ன பேரு வைக்கறது?"

"உன் இஷ்டம்."

"என் கற்பனை தண்டவாளத்த விட்டு இறங்காதுடி" என்று சொல்லிவிட்டுப் பிரோஷ்கா தன் பெயரையே எழுதினாள். இபோயா எஜமானி கோர்நேலியாவாக மூக்கைத் தூக்கிக்கொண்டு, சேர்ந்த நாளை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நள்ளிரவில் மின்சாரம் போயிற்று. ஆட்டம் பாதியில் நின்றது. காலையில் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு ஊர் திரும்பினார்கள்.

விலகிய நாளை எழுதவில்லை. யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலை நாலரை. பிரோஷ்கா தன் சமையலறையில் மண்டியிட்டிருந்தாள். தரை ஈரம். மூக்கில் சாம்பல் காரமும் கொழுப்பும் சேர்ந்த பழைய சோப்பு வாடை. அவள் வீட்டில் அப்படி ஒரு சோப்பே கிடையாது. அடுத்த நாளும் நாலரை. அடுத்த நாளும். மண்டியில் காய்ப்புக் காய்த்தது. அப்புறம் சத்தம் வந்தது. முதலில் சுவருக்குள் கம்பி இழுபடும்... சர்ர்ர்க். பிறகு ஒரு சின்ன மணி, மாளிகையில் எஜமானி கம்பியை இழுத்து வேலைக்காரியைக் கூப்பிடுவது போல.

இரண்டாவது வாரம், ஓடுகிற டிராமில் அந்த மணி கேட்டது. பிரோஷ்கா கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றாள். பின்னால் நூறு பேர். எதிரே சிவப்பு விளக்கு. ஒரு பாட்டி அலறிய அலறலில்தான் சுயநினைவு வந்து பிரேக்கை இழுத்தாள். அன்று மாலை தானாகவே விடுப்பு எழுதிக் கொடுத்தாள். "என் வேலை போனா போகட்டும் எமெஷே. யாரையாவது கொன்னுருவேன்டி" என்று தங்கையின் மடியில் முகம் புதைத்தாள். அவள் அழுது எமெஷே அதுவரை பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த லாரி.

மறுநாள் இருட்டும் நேரத்தில் மூன்று பேரும் மாளிகைக்குப் போனார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் போரி அத்தை பிரோஷ்காவின் கைகளைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துகொண்டாள்.

"பெட்டியத் தொறந்தது நீங்கதானா? நல்லாப் படிச்ச பிள்ளைங்க!" என்று திட்டினாள். பிறகு வெரோனைப் பற்றிச் சொன்னாள். வெரோனின் அம்மா செத்தபோது, வீட்டில் விருந்து என்று எஜமானி அவளை அனுப்பவில்லை. பனியில் ஓடினாள். திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பின் அவளை யாரும் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் அவள் பெயர் இல்லை.

இபோயா மேசையில் எஜமானியாக உட்கார்ந்தாள். பகடையை வைத்தாள், புத்தகத்தில் பிரோஷ்காவின் பக்கத்தை விரித்தாள். "ஆட்டத்த முடிச்சிருவோம். நான் எழுதிட்டா நீ விடுதலை" என்றாள். விலகிய நாள் என்ற இடத்தில் பேனாவை வைத்தாள். எழுதவில்லை. வேறு பேனா. அதுவும் எழுதவில்லை. உள்ளங்கையில் கிறுக்கினால் எழுதுகிறது... அந்தக் கோட்டில் மட்டும் எழுதவில்லை.

சுவருக்குள் சர்ர்ர்க்.

மணி.

இபோயா நிமிர்ந்தாள். முகம் அவளுடையது. குரல் அவளுடையது இல்லை. வறண்ட, சலித்த குரல்.

"குனி."

பிரோஷ்காவின் முழங்கால் மடங்கியது. எமெஷே அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள். மறுபடி மணி. மறுபடி "குனி." எமெஷேயின் பிடி நழுவியது. ஒரு முழங்கால் தரையைத் தொட்டுவிட்டது.

அங்கேதான் பிரோஷ்காவுக்கு ரோஷம் வந்தது. மேசைக் காலைப் பிடித்தாள். பல்லைக் கடித்து எழுந்தாள்.

"இந்தாம்மா" என்றாள். "மணியடிச்சா எந்திரிக்கறது என் வேலையில்ல. பன்னெண்டு வருஷமா நான் மணியடிச்சாத்தான் ஊரு ஒதுங்குது. வந்துட்டா, குனியாம்ல!"

புத்தகத்தைப் பிடுங்கினாள். வெறும் பக்கத்தைத் திருப்பினாள். எழுத எழுத உரக்கப் படித்தாள்.

"பேரு, கோர்நேலியா. அங்க அடையாளம், வணங்காத கழுத்து. விசுவாசம், இல்ல. நடத்தை, ஒரு பச்சப்புள்ளைய அதோட அம்மா மொகத்தப் பாக்க விடாதவ. திறமை... இனிமேத்தான் தெரியும். சேர்ந்த நாள், இன்னிக்கு."

பேனா எழுதியது. மை கொப்பளித்துக்கொண்டு வந்தது. கீழே எஜமானி போட வேண்டிய இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். பக்கத்தைத் திருப்பித் தன் பெயருக்கு நேரே எழுதினாள்: விலகிய நாள், இன்று. சொந்த விருப்பத்தில். அதுவும் எழுதியது. கடைசியாக வெரோனின் பக்கம். அதே வார்த்தைகள்.

இபோயா மேசைமேல் சரிந்தாள். பிறகு கூடத்தில் காலடி. லேசான, வேகமான காலடி, சின்னப் பெண் ஓடுவது போல. வேலைக்காரிகள் மிதிக்கவே கூடாத முன்வாசல் கதவு தானாகத் திறந்தது. பனிக்காற்று உள்ளே வந்தது. காலடி படியிறங்கி, சரளைக் கல்லில் நொறுநொறுவென்று ஓடி... காட்டுப் பக்கம் அடங்கிப்போயிற்று. "போடி கண்ணு, போ" என்று எமெஷே வாய்விட்டு அழுதாளாம். எனக்கு இதைச் சொன்னபோதும் அழுதாள்.

பிறகு இன்னொரு சத்தம். மாடியிலிருந்து. பின்பக்கம் வேலைக்காரிகளுக்கென்று குறுகலாக ஒரு படிக்கட்டு இருக்கும் இல்லையா, அதில். பட்டு உரசும் சத்தம். ஒரு படி... நின்றது. இன்னொரு படி... தடுக்கியது. அந்தப் படிக்கட்டில் ஒருநாளும் இறங்கிப் பழகாத கால். சமையலறை வரை வந்தது. வாளியின் கைப்பிடி கிளாங் என்றது.

அதற்குமேல் அவர்கள் அங்கே இருக்கவில்லை; இபோயாவை எழுப்பி இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பிரோஷ்கா அடுத்த திங்கட்கிழமை டிராமில் ஏறினாள். இன்றுவரை ஓட்டுகிறாள். நாலரைக்குக் கும்பகர்ணத் தூக்கம்.

யாரோ "பாவம்" என்றீர்கள். காதில் விழுந்தது. நானும் அடுத்தவர் வீட்டுத் தரையை ஒன்பது வருடம் துடைத்தவள்தான். துடைத்த ஈரம் காய்வதற்குள் செருப்போடு நடந்து போவார்கள் பாருங்கள்... அதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன். பாவம் பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு வரவில்லை.

போன மாதம் போரி அத்தை எமெஷேக்குப் போன் செய்தாள். தினமும் விடியற்காலை அடுப்பு எரிகிறதாம். ஆனால் சரியாக மூட்டத் தெரியவில்லையாம், வீடெல்லாம் புகை. தரை ஈரமாக இருக்கிறதாம். ஈரத்தில் இரண்டு முழங்கால் தடம். பின்னாலேயே பட்டுப் பாவாடையின் ஓரம் இழுபட்ட தடம்.

"பயமா இல்லையா அத்தை?" என்று எமெஷே கேட்டிருக்கிறாள்.

"பயந்தேன், மொத வாரம். நேத்துக் காலைல சீக்கிரமே முழிப்பு வந்துருச்சு. சமையலறைக்குப் போனேன். இருட்டுல, அடுப்புக்குப் பின்னால... விசும்பற சத்தம். பிரஷ்ஷு தரையில தேய்ஞ்சுகிட்டே இருக்கு. ஆளத் தெரியல."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"வாசல்லயே நின்னேன். மூலையில இன்னும் அழுக்கு இருக்குன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"மூலைக்கு நகர்ந்துச்சு."