மாப்பிள்ளையின் கடைசி வாசிப்பு

டீக்கு நன்றி இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன், யாரும் பிடித்து இழுத்து வரவில்லை.

செத்துப்போனவர் என் தங்கையின் புருஷன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பேண்டில் ட்ரம்பெட் வாசித்தோம். வாசித்தோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வாசித்தவன் நான். மாப்பிள்ளை மிதித்தார். ட்ரம்பெட்டின் வாயில் பட்டாணி அளவு மைக் ஒன்றைக் கவ்வவிட்டு, ஒயரை இழுத்து, காலடியில் வரிசையாகப் பெடல்கள். ஒன்றை மிதித்தால் கிணற்றுக்குள் ஊதினமாதிரி எதிரொலி. இன்னொன்றை மிதித்தால் ஒரு ட்ரம்பெட் மூன்றாகும். லூப் பெடல் என்று ஒன்று உண்டு, அதுதான் கதாநாயகன். நாலு வரி ஊதிவிட்டு மிதித்தால் அந்த நாலு வரியையே திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கும். இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். ஜனம் கைதட்டும். எதற்கு? அவர் செருப்புக்குத்தான்.

ஆஸ்துமாக்காரருக்கு வேறு வழி ஏது. நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்தால் பாதியில் மூச்சு நொண்டும். நொண்டிய இடத்தில் எதிரொலியை ஊற்றி மெழுகிவிடுவார். அதைப் புதுமை என்றார்கள். கடைசியில் பேண்ட் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "இவரு ஒருத்தரே நாலு பேர் சத்தம் குடுக்குறாரு. நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்" என்றார். எனக்குப் பொறாமை என்று பேண்டில் பேசிக்கொண்டார்களாம். சிரிப்புத்தான் வந்தது. மிஷினைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா?

தங்கை கெட்டிக்காரி இல்லை. மாப்பிள்ளை மாடியறையில் பழகும்போது அவள் கீழே தைத்துக்கொண்டிருப்பாள், ஒரு காது மட்டும் மேலே இருக்கும். ட்ரம்பெட் கேட்டால் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம். சத்தம் நின்றால் தைப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். முன்பு அப்படி ஓடித்தான் அவரைப் பிழைக்க வைத்தாள். அந்தப் பெடல் பெட்டிகளோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தும், மூச்சில்லாமலே சத்தம் வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை நானும் மாடியில் இருந்தேன். நாலு வரி ஊதி முடித்ததுமே அவருக்கு இழுப்பு வந்தது. "மச்சான், அந்த இன்ஹேலரை எடுங்க" என்று மேஜையைக் காட்டினார். எடுத்தேன். என் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு லூப் பெடலை மிதித்தேன். சரியாக விழுந்ததோ என்னவோ என்று இன்னொரு தரமும் மிதித்தேன். ட்ரம்பெட் தானாகப் பாடியது.

மனிதர் இழுத்த சத்தம் சுருதியிலேயே சேரவில்லை. கீழே கேட்டுவிடக் கூடாதே என்று அவருடைய ட்ரம்பெட்டை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த நாலு வரிக்கு மேலே நானும் ஊதினேன். அடுத்த சுற்றில் நான் ஊதியதும் திரும்பி வந்தது. ஒரு மிதிக்கு ஓடுமாம், மறு மிதிக்கு ஓடிக்கொண்டே பதியுமாம். அந்தக் கண்றாவி எனக்கெப்படித் தெரியும்? வந்ததற்குப் பொருத்தமாக இன்னொன்று ஊதினேன். அதற்கு மேல் இன்னொன்று. உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் மறந்தே போனேன்.

திரும்பிப் பார்த்தபோது முடிந்திருந்தது. இன்ஹேலரை நாற்காலிக்கடியில் உருட்டிவிட்டுக் கீழே போனேன். மேலே ட்ரம்பெட் முழங்கிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு அவருக்கு மூச்சு நல்லா இருக்கு போல, இல்லண்ணா?" என்றாள் தங்கை. ஆமாம் என்றேன்.

டாக்டர் ஆஸ்துமா என்று எழுதிக் கொடுத்துவிட்டார். யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த லூப் பெட்டிக்குள் ஊதியதெல்லாம் அப்படியே இருந்திருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் பேண்ட் மாஸ்டர் அதைப் போட்டார். மாப்பிள்ளையின் கடைசி வாசிப்பாம். சபையே அழுதது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டியாண்ணா? நீயும் ஆயுசு முழுக்க ஊதுற, ஒரு நாளாவது இப்படி வாசிச்சிருக்கியா?" என்றாள்.

அதனால்தான் வந்தேன் சார். கொன்றது நான்தான், எங்கே கையெழுத்து என்று சொல்லுங்கள். ஆனால் வாசித்ததும் நான்தான். அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடியில் ஓடும் நாலு வரி மட்டும் அவருடையது. அதை அழிக்க எந்தப் பெடலை மிதிக்க வேண்டும் என்று, தெரிந்தவர் யாரையாவது கேட்டுச் சொல்லுங்கள்.