காலி சீட் தெரியாமல்

துபாய் சத்வாவில் அல் கூஸ் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றேன். "அமெரிக்காக்காரனும் நம்மள மாதிரி ரூமுக்கு ஆறு பேரா கிடந்தவன்தான்" என்று முன்னால் நின்றவர் சொன்னதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். அவர் ஏதோ பேஸ்பால் டீமுக்கு வேன் ஓட்டுகிறாராம். கேட்டுக்கொண்டிருந்தவர் செக்யூரிட்டி யூனிஃபார்மில் இருந்தார்.

"அவனுக்கு என்ன வேலைண்ணே?"

"பந்து எறியிறது. நம்ம பவுலர் மாதிரி. அது மட்டும்தான்."

"அதுக்கு அங்கேருந்து இங்கயா வரணும்?"

"அங்க பெரிய டீம்ல கடைசி வரைக்கும் எடுக்கலையாம். பத்து வருஷம் சின்ன டீம்லயே, பஸ்ல ஊர் ஊரா போய் ஆடியிருக்கான். இங்கயும் சரிவரலன்னா கலாஸ், விட்டுடுவேங்கிறான்."

"கூட்டம் வருதா?"

"நேத்து இருபது பேர் இருந்தா அதிகம். மேட்ச் முடிஞ்சதும் போனை என் கையில கொடுத்து, அப்பாவுக்கு அனுப்பணும், ஒரு போட்டோ எடுன்னான். பின்னால காலி சீட் தெரியக் கூடாதாம்."

"எப்படி எடுக்கணும்னு சொல்லிக் கொடுத்தானா?"

"எனக்கா? ஆறு வருஷமா அடுக்குக் கட்டில் தெரியாம வீட்டுக்கு வீடியோ கால் பேசுறவன்டா நான்."