சேருக்குப் பிடித்த நாவல்

தம்பி மசூர், நமது வாசகர் வட்டத்தின் மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி நீங்கள் கேட்டிருந்தீர்கள். கடையில் வேலை கூடிவிட்டது, பிந்தியதற்கு மன்னிக்கவும். 'எனக்குப் பிடித்த நாவலும் அதை எழுதியவரும்' என்று எல்லாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். சிலர் தாங்கள் வாசித்த நாவலைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள் என்றும் கேள்வி.

எனக்குப் பிடித்த நாவல் நான் எழுதிய 'கடல் பார்க்க வந்த யானை'. எழுதியவரையும் எனக்குப் பிடிக்கும். ஆள் கட்டை, தலை வழுக்கை, கல்முனையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இவ்வளவு போதும். அந்த நாவலை வாசித்தவர்கள் இதைவிடக் குறைவாகத்தான் சொன்னார்கள்.

உங்களுக்குச் சிக்கல் என்னுடைய பக்கமல்ல, ஷரிபுதீன் சேரின் பக்கம். வட்டத்தைத் தொடங்கியவர் அவர். நம்மில் பாதிப்பேருக்குத் தமிழ் படிப்பித்தவர். ஆதங்கண்டு என்பவர் எழுதிய 'மேட்டு வட்டை' நாவலைப் பற்றிக் கலியாண வீட்டிலும் பேசுவார், மையத்து வீட்டிலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுவார். இப்போது அவருக்குக் கண் தெரியாது. அதனால் அவர் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்வதற்காகப் போயிருக்கிறீர்கள்.

"எனக்குப் புடிச்ச நாவல் எண்டு ஒண்டும் இல்ல மனே. அப்படியே போடு" என்றாராம்.

என்ன நடந்தது என்று அன்றிலிருந்து வட்டத்தின் வாட்ஸ்அப் குழுமத்தில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நடந்தது நான்தான்.

என் நாவலின் வெளியீட்டு விழா உங்களுக்கு நினைவிருக்கும். சேர் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யானை வருகுது, கடல் வருகுது, கரைவலை வருகுது. கதை மட்டும் வரல்ல. அது பஸ்ஸ விட்டுட்டு டிப்போவில நிக்கிது போல."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல பகிடி அது, என் நாவலில் அப்படி ஒன்றுகூட இல்லை. முன்வரிசையில் என் மனைவி றாஹிலா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நான் சாப்பாட்டுக்குப் பிந்திய நாளெல்லாம், "என்ன, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். கண்ணாடி வாங்க வருகிறவர்களும், "காக்கா, கதை இன்னும் டிப்போவிலதானா நிக்கிது?" என்று விசாரித்தார்கள். இரண்டாவது நாவலுக்கு வாங்கிய கடதாசியில் பற்றுச்சீட்டு அடித்தேன்.

சேரின் கண் போனபின், வாசித்துக் காட்ட நானாகவே போனேன். அஸர் தொழுதுவிட்டு அவருடைய வீட்டுக்குப் போவேன். குழுமத்தில் நீங்கள் எனக்காகத் துஆக் கேட்டீர்கள். பலபேர் ஆமீன் போட்டார்கள். நானும் போட்டேன்.

முதலில் அவர் கேட்டது 'மேட்டு வட்டை'. ஆரம்ப அத்தியாயங்களை உள்ளபடியே வாசித்தேன். நல்ல நாவல், அதுதான் அதில் எனக்கிருந்த தொந்தரவு. வயலில் வரப்பை வெட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும் கிழவரிடம் மகன் மௌத்தான செய்தியைச் சொல்கிறார்கள். அவர், "இந்த வக்கடைய அடைச்சிட்டு வாறன்" என்கிறார், அவ்வளவுதான். வகுப்பில் அந்த இடம் வந்தால் சேர் வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வாசிக்கும்போது நான் அந்தக் கிழவரை நெஞ்சில் அடிக்க வைத்தேன். வானத்தை நோக்கி ஒரு முழுப் பக்கம் பேச வைத்தேன். கெட்ட வசனம் எழுதுவதில் எனக்குப் பயிற்சி இருந்தது.

சேர் இந்த முறை யன்னல் பக்கம் திரும்பவில்லை, என் பக்கம் திரும்பினார்.

"ஆதங்கண்டு இப்படியா எழுதியிரிக்கார்?"

"ஓம் சேர். அச்சில அப்படித்தான் இரிக்கி."

"வக்கடைய அடைக்கிற வசனம் எங்க?"

"அப்படியொண்டும் இல்லையே, சேர். நீங்க படிப்பிக்கக்குள்ள சேத்துக்கிட்டதாக்கும்."

"எத்தின புள்ளையளுக்கு இத நல்லமெண்டு சொல்லிக் குடுத்திட்டன்."

"அந்த வயசில எல்லாம் நல்லாத்தான் தெரியும், சேர்."

கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இளகிய மனம், றாஹிலாவைக் கேட்டுப் பாருங்கள். வாசித்து முடிந்ததும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காற்று வாங்க வைப்பேன். வழியில் கச்சான் கடலை உடைத்துக் கையில் வைப்பேன். மறுநாள் அடுத்த புத்தகத்தைத் தொடங்குவேன். அலுமாரியில் அவருக்குப் பிடித்த ஒவ்வொரு நாவலையும் அப்படியே வாசித்துக் கொடுத்தேன். நாளாக ஆக அவர் முகம் சுளிப்பதை விட்டுவிட்டார். 'வக்கடை' வசனம் தன் மண்டைக்குள்தான் இருந்ததென்று முழுசாய் நம்பிவிட்டார்.

ஒருநாள் அவர் என் கையைத் தேடிப் பிடித்தார்.

"இனி இந்தப் புத்தகங்கள் வேணாம், தம்பி. உங்கட யானைய வாசிங்க."

"அது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே, சேர்."

"தெரியா. அண்டைக்கி நான் அத வாசிக்கல்ல. எழுத்தெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி இருந்திச்சி. கண்ணுக்கு ஏலாதெண்டு சபையில சொல்ல வெக்கம். அட்டையப் பாத்துப்போட்டு ஒரு பகிடிய விட்டன். நீங்களும் சிரிச்சீங்க, சரியெண்டு நினைச்சன். மன்னிச்சிக்கங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் நாவலை இதுவரை யாரும் நிராகரிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை அவருக்கு வாசித்தேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை, எழுத்துப்பிழைகளைக்கூட மரியாதையோடு உச்சரித்தேன். கடைசி வரி முடிந்ததும் காத்திருந்தேன்.

"நல்லமா, சேர்?"

"எனக்கென்ன தெரியும், தம்பி. எது நல்லம், எது கூடாது எண்டு இப்ப ஒண்டும் விளங்குதில்ல. நீங்க நல்லமெண்டா நல்லம்தான்."

அவர் வாயால் அந்தச் சொல் வரவேண்டும் என்றுதான் நான் இவ்வளவு பாடும் பட்டேன். வந்தபோது அதைச் சொல்வதற்கு அந்த ஆள் இருக்கவில்லை.

இதற்காக நீங்கள் என்னை வட்டத்திலிருந்து நீக்கலாம். நீக்குவதற்கு முன்னர் மிச்சத்தையும் கேட்டுவிடுங்கள்.

விழா நடந்து கொஞ்ச நாளில் சேர் என் கடைக்கு வந்தார். கண்ணுக்கு முன்னால் கறுப்பு நூல்கள் பறக்கின்றன, வலது ஓரத்தில் திரை விழுகிறது என்றார். அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருப்பது ஊருக்கே தெரியும். சீனி வருத்தக்காரருக்கு அப்படி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முன்பின் தெரியாதவர்களைக்கூட நானே ஓட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறேன். அன்றைக்குக் கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். சேரைக் கண்டதும் அதில் ஒருவர் டிப்போப் பகிடியை எடுத்துவிட்டார். சேரும் சேர்ந்து சிரித்தார்.

"வயசு போனா அப்படித்தான், சேர். புதுக் கண்ணாடி போட்டாச் சரியாகிடும்" என்றேன்.

கண் அதற்கு முன்பே கெடத் தொடங்கியிருந்தது என்று அவரே பின்னர் சொல்லிவிட்டார், ஆகவே தொடக்கம் நானல்ல. அடுத்த மாதமும் வந்தார், திரை பெருத்துவிட்டது என்றார். கண்ணாடி பழக நாளெடுக்கும் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது முறை சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் ஓட்டோ பிடித்தேன்.

தன் கண்ணைக் கவனமாய்ப் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறார். மலரில் அவருடைய பக்கம் வெறுமையாய்க் கிடக்க வேண்டாம், இதைப் போடுங்கள். சுருக்க வேண்டியிருந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், ஒரு வரியை மட்டும் வெட்டவேண்டாம்: அந்தக் கண்ணாடிக்கு நான் சேரிடம் ஒரு சதமும் வாங்கவில்லை.