பின்பக்கம் கொஞ்சம் பணியணும்

இல்லண்ணே, ஒசத்த வேணாம். தாழ்த்தணும். ஆமா, காதுல சரியாத்தான் விழுந்திருக்கு. பின்பக்கம் ஒரு நாலு விரக்கடை கீழ பணியணும், அவ்வளவுதான். ஏன் அப்படிப் பாக்குறீங்க? லோடு வண்டியோட வர்றவன் எல்லாம் வண்டியைத் தூக்கிக் குடு, தூக்கிக் குடுன்னு உங்க உயிரை வாங்குறான். ஒருத்தன் மாத்திக் கேட்டா சந்தோஷப்பட வேணாமா?

மொதல்ல கம்பெனி ஷோரூமுக்குத்தான் போனேன். ஏசி ரூம்ல உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, இஸ்திரி கலையாத சட்டையோட ஒருத்தர் வந்து, சார் முழு செட்டே மாத்தணும் சார்னாரு. முன்னாடி, பின்னாடி, அடியில, எனக்குப் பேர் தெரியாத எடத்துல எல்லாம் என்னென்னமோ. வெலை என்னன்னு கேட்டேன். மனுஷன் வாயால சொல்லல, கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுனாரு. வாயால சொல்ல அவருக்கே கூச்சமா இருக்குற வெலைன்னா பாத்துக்குங்களேன். அந்தக் காசுக்கு வண்டியை வித்துட்டு, அவரு மாட்டச் சொன்ன சாமானை மட்டும் வாங்கி வீட்டு அலமாரியில அழகுக்கு வெச்சுக்கலாம். குடுத்த தண்ணியைக் குடிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

நான் கேக்குறது ரெண்டே ஐட்டம். ஸ்பிரிங் காயில் ஒரு ஜோடி, குலுக்கலை அடக்குற ஷாக் ஒரு ஜோடி. காயில் பழசு போதும். இந்தா, சீட்டுக்குப் பின்னாடி வெச்சிருக்கேன், பாருங்க. ஆளுங்களை ஏத்துற வேன்ல வர்றது, கம்பி கொஞ்சம் மெல்லிசு. பழைய வண்டி உடைக்கிற எடத்துல கிளறி எடுத்தேன். இந்த வண்டிக்கும் கச்சிதமா உக்காரும்னு அந்தக் கடைக்காரன் சத்தியம் பண்ணான். அவன் சத்தியம் எனக்கு வேணாம், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உக்காருமா? பாத்தீங்களா! துரு மேலதான், உள்ள கம்பி சுத்தமா இருக்கு. ஷாக் மட்டும் புதுசா போட்ருவோம், அதுல கஞ்சத்தனம் பண்ணக் கூடாதுன்னு எனக்கும் தெரியும்.

இருக்குற காயிலுக்கு என்ன கேடுன்னு கேக்குறீங்க. வாஸ்தவம். ஒரு கேடும் இல்ல. நானே தேடி அலைஞ்சு வாங்கி மாட்டுனது, நல்ல தடிமனான லோடு காயில். டைல்ஸ் கம்பெனி லோடு கிடைச்ச புதுசுல மாட்டுனேன். சாயங்காலம் கம்பெனில ஏத்திக்கிட்டு வந்து வீட்டு வாசல்ல நிறுத்துவேன், காலைல வெளியூர்க் கடைங்களுக்குப் போய் எறக்குவேன். இதான் என் தொழில். தரையில ஒட்டுற டைல்ஸ்ண்ணே, ஒரு பெட்டியைத் தூக்குனாலே இடுப்பு விட்டுப்போகும். அத்தனை பெட்டியை ஏத்துனாலும் இந்தக் காயில் அசராது. அப்படியே கம்பீரமா நிக்கும். எனக்கு அதுதான் இப்பப் பிரச்சனை.

சரி, கழட்டுனதை நீங்களே வெச்சுக்குங்க. யாராவது தூக்கிக் குடுன்னு வருவான்ல, அவன் தலையில கட்டுங்க. கூலியில கழிச்சுக்கிட்டாப் போதும்.

அய்ய, லோடை எறக்கணும்னு இல்லண்ணே, அப்படியே ஜாக்கி போடுங்க, தாங்கும். தாங்காதா? நீங்க மெக்கானிக், நீங்க சொன்னா சரிதான். ஆனா கொஞ்சம் பொறுங்க, ஒரு அஞ்சு நிமிஷம் உக்காருங்களேன். விஷயத்தைச் சொல்லிடுறேன். லோடு எவ்வளவுன்னா... வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

எங்க தெரு முனையில ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கு. அதை ஸ்பீடு பிரேக்கர்னு சொன்னா அசல் ஸ்பீடு பிரேக்கருக்கு அவமானம். எவனோ மிச்சமான சிமெண்டைத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சோம்பல்பட்டு அங்கயே கொட்டிட்டுப் போயிருக்கான். அதுல ஏறி எறங்குனா என் வண்டி போடுற சத்தம் இருக்கே, பாத்திரக் கடையை மாடிப்படியில உருட்டி விட்ட மாதிரி. பின்கதவு ஆடும், கொக்கி ஆடும், சங்கிலி ஆடும், எம் பல்லும் சேந்து ஆடும். அங்கேருந்து நாலாவது வீடு எங்களுது. உள்ள என் சம்சாரம்.

அவ காதைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. துணி தைக்கிற கம்பெனில, மெஷின் வரிசைக்கு நடுவுல, பாதி ஆயுசை ஓட்டுனவ. அத்தனை மெஷினும் தடதடன்னு ஓடிக்கிட்டு இருக்கும், தலையைத் தூக்காமயே சொல்லுவாளாம், கடைசி வரிசையில ஒரு ஊசி உடையப் போவுதுன்னு. உடையுமாம். இப்ப வேலையை விட்டுட்டா, வீட்லதான் இருக்கா. ஆனா காது இன்னும் ரிட்டையர் ஆவல.

அன்னிக்கு ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கிட்டே கேக்குறா, என்னங்க, வண்டி இன்னிக்குக் குதிச்சுக்கிட்டு வருதேன்னு. எனக்கு வாய்க்குப் போன கை அப்படியே நின்னுபோச்சு. ரப்பர் புஷ் தேஞ்சிருக்கும்னேன். புஷ் தேஞ்சா கீச்சு கீச்சுன்னுல்ல கேக்கும், இது வேற சத்தம்ங்கிறா. புஷ்னா என்னன்னு அவளுக்கு யாருண்ணே சொல்லிக் குடுத்தது? நானே வண்டி வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மறுநாள் காலைல வாசல்ல வந்து நின்னு வண்டியை மேலயும் கீழயும் பாக்குறா. பின்பக்கம் ஒசந்து நிக்கிற மாதிரி இருக்குதேன்னா. வெயிலுக்கு இரும்பு விரியும்லன்னு ஒரு விளக்கம் குடுத்தேன் பாருங்க, எனக்கே அசிங்கமா இருந்துச்சு. விடிஞ்சு இன்னும் வெயிலே ஏறல.

அவ உள்ள போயிட்டா. நம்புனாளா, போனாப் போகட்டும்னு விட்டாளான்னு தெரியல. ஆனா ஒண்ணு மட்டும் தெரியும், இன்னொரு வாட்டி அந்த சத்தம் அவ காதுல விழுந்துச்சுன்னா என் கதை முடிஞ்சுது. அதனாலதான் உங்க காலைப் புடிக்காத குறையாக் கேக்குறேன். இன்னிக்கு சாயங்காலம் நான் வழக்கமாப் போற நேரத்துக்குப் போயாகணும். அந்த சிமெண்ட் மேட்டுல வண்டி பதவிசா ஏறி, பதவிசா எறங்கணும். வாசல்ல நிக்கும்போது பின்பக்கம் பணிஞ்சு, அடக்க ஒடுக்கமா நிக்கணும்.

ஏண்ணே, எதுக்கு ஒத்தக் கையால அமுக்கிப் பாக்குறீங்க? ஷாக் போயிடுச்சா? ஆமா, ஆடிக்கிட்டேதான் இருக்கு. விடுங்க, விடுங்க, அதான் மாத்தப் போறோமே. லோடு இருக்குற வண்டி இப்படி ஆடாதுன்னா... சில வண்டி ஆடும்ண்ணே. ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு சுபாவம். மனுஷன்ல இல்லையா? வேன் காயில்ல டைல்ஸ் ஏத்துனா மொதப் பள்ளத்துலயே அடி தட்டும்னு சொல்றீங்க. தட்டாது. அதுக்கு நான் கேரண்டி. ஐயோ, தார்ப்பாயை எதுக்கு அவுக்குறீங்க, நான் கஷ்டப்பட்டு முடிச்சுப் போட்டது! அண்ணே, சொன்னாக் கேளுங்க, அந்தப் பெட்டியைத் தொடாதீங்க, பாத்து, பாத்து!

விழுந்துட்டீங்களா? எந்திரிங்க. அடி ஒண்ணும் படலையே? தம் கட்டித் தூக்குனீங்கள்ல, அதான் பெட்டி ஒரு பக்கம் நீங்க ஒரு பக்கம். காலிண்ணே. அது மட்டும் இல்ல, எல்லாமே காலிதான். அட்டைப்பெட்டிக்குத்தான் இந்தத் தார்ப்பாய், இந்தக் கயிறு, இந்த முடிச்சு எல்லாம்.

லோடு நின்னுபோச்சு. பெரிய லாரி வெச்சிருக்குறவன் ஒருத்தன் மொத்தத்தையும் எடுத்துக்கிட்டான். சண்டை கிண்டை எல்லாம் இல்ல. கம்பெனி சூப்பர்வைசர் டீ வாங்கிக் குடுத்து, பதமாத்தான் சொன்னாரு. தங்கமான மனுஷன், இந்தப் பெட்டிங்ககூட அவரு குடுத்ததுதான். எதுக்குன்னு கேக்கவே இல்ல. காலைல வீட்லேருந்து கிளம்பி வண்டி ஸ்டாண்டுல போய் நிக்கிறேன். வீடு மாத்துறவன், கட்டில் வாங்குறவன் எவனாவது வருவான். இப்போதைக்கு அடுப்பு எரியுது. சாயங்காலமானா லோடு ஏத்துன ஆளு மாதிரி முகத்தைக் களைப்பா வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறேன். களைப்புல பொய் இல்ல, நிஜமாவே அலுத்துப் போவுது. சும்மா நிக்கிற வேலை மாதிரி கஷ்டமான வேலை கிடையாதுண்ணே.

மொதல்ல மணல் மூட்டை அடுக்கிப் பாத்தேன். சத்தம் அடங்குச்சு, பின்பக்கமும் பணிஞ்சுது. டீசல் அடங்கலையே! சம்பாத்தியம் இல்லாதவன் மணலை உக்கார வெச்சு ஊரைச் சுத்திக் காட்டுனா கட்டுப்படி ஆவுமா? அப்புறம்தான் இந்தக் காயில் யோசனை வந்துச்சு. மெல்லிசுக் காயில்னா காலி வண்டியே லோடு ஏத்துன மாதிரி பணிஞ்சு நிக்கும், குதிக்காதுல்ல?

பொண்டாட்டிகிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, அதானே கேக்குறீங்க? திட்டுவான்னு பயந்துக்கிட்டுச் சொல்லாம இருக்கேன்னு நெனைச்சீங்களா? திட்டுனா எவ்வளவோ நல்லா இருக்கும்ண்ணே. அவ திட்ட மாட்டா. அவளை வேலையை விடச் சொன்னதே நான்தான். மெஷின் முன்னாடி குனிஞ்சு குனிஞ்சு, ராத்திரி படுத்தா முதுகை நீட்ட முடியாது அவளுக்கு. போதும்டி, எனக்குத்தான் நிரந்தரமா லோடு இருக்கே, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். மசியவே இல்ல. கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வெச்சேன். அவ வேலையை விட்டது ஒரு சனிக்கிழமை. சூப்பர்வைசர் எனக்கு டீ வாங்கிக் குடுத்தது திங்கக்கிழமை.

இப்ப மத்தியானத்துல தூங்குறாண்ணே. கல்யாணம் ஆனதுலேருந்து பகல்ல அவ படுத்து நான் பாத்ததே இல்ல. ஒரு நாள் மழைன்னு சீக்கிரமா வீட்டுக்குப் போயிட்டேன். வாயைத் தொறந்துக்கிட்டு, கையை ஒரு பக்கம் காலை ஒரு பக்கம் போட்டு, கொறட்டை விட்டுக்கிட்டு இருந்தா. வண்டி அந்த மேட்டுல விழுந்து எந்திரிச்ச சத்தத்துக்குக்கூட அசையல. எனக்கு அழுகை வந்துடுச்சு. எழுப்பாம வாசல்லயே உக்காந்திருந்தேன். இந்த விஷயம் தெரிஞ்சா ஒரு வார்த்தை கேக்க மாட்டா. மறுநாள் காலைல எனக்கு முன்னாடி எந்திரிச்சு, குளிச்சு, டிபன் பாக்ஸைக் கட்டி எடுத்துக்கிட்டு, வரேங்கன்னு சொல்லிட்டு அந்தக் கம்பெனிக்கே போய் உக்காந்துருவா.

என்னண்ணே, அந்த வேன் காயிலைக் கையில எடுத்துட்டீங்க? சரி வாங்க, பெட்டியை எறக்கிடுவோம். நீங்க அந்தப் பக்கம் புடிங்க. மெதுவாண்ணே, மெதுவா, நசுங்கிடப் போவுது.