வரலட்சுமியம்மாவின் நினைவு நாள் சாப்பாடு

எனக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காது, ஐயா. மற்ற ஆறு நாளும் திருவொற்றியூரில் நான் நடத்தும் முதியோர் இல்லம் அமைதியாக இருக்கும். ஞாயிறன்று பார்க்க வருகிறவர்கள் அதைக் கெடுத்துவிட்டுப் போவார்கள்.

வரலட்சுமியம்மாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இடுப்பெலும்பு முறிந்து தேறியதும் கொருக்குப்பேட்டைத் தெருக்காரர்களே கொண்டுவந்து சேர்த்தார்கள். வாரம் தவறாமல் நாலைந்து பேர் வருவார்கள். வறுத்த நெத்திலி, வெற்றிலை, தெருவில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்கிற செய்தி. செங்கொடி என்கிற பெண்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. அவர்கள் கிளம்பியதும் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திங்கள், செவ்வாய் சாப்பிடமாட்டார். "எப்ப சார் என்னிய வூட்டுக்கு இட்டுகினு போவாங்க?" என்று புதன்கிழமை வரை நச்சரிப்பார். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே 2003ஆம் வருஷம் ஆடி மாதம் நானே கொருக்குப்பேட்டைக்குப் போனேன். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டார், இல்லத்து வழக்கப்படி தகனமும் முடிந்தது என்று சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன். "மூஞ்சியக்கூட காட்டாம எரிச்சிட்டியே சார்" என்று செங்கொடி என் சட்டையைப் பிடித்தாள். நான் கோபப்படவில்லை. சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய் நானும் பந்தியில் உட்கார்ந்தேன். வடை நன்றாக இருந்தது.

அம்மாவிடம், அவர்களுக்கு இனி வர இஷ்டமில்லையாம் என்றேன். இரண்டு வாரம் கேட்டைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டு மூன்று கிலோ ஏறினார். பேச்சைத்தான் நிறுத்திவிட்டார். வயதானவர்களுக்கு ஓய்வு நல்லதுதானே.

தவறு ஒன்றே ஒன்று. செத்தவர் பேரில் முதியோர் இல்லத்தில் ஒருவேளைச் சோறு போடும் வழக்கத்தை நான் யோசிக்கவில்லை. வருஷம் திரும்பியதும், நான் வெளியே போயிருந்த நேரத்தில், அக்கா கடைசியாக இருந்த இடமென்று செங்கொடி எங்கள் இல்லத்துக்கே அண்டா பிரியாணியோடு வந்துவிட்டாள். மாலை போட்ட படத்தை ஸ்டூலில் வைத்துவிட்டுப் பரிமாற ஆரம்பித்திருக்கிறாள். மூன்றாவது இலையில் அம்மா உட்கார்ந்திருந்தார்.

நான் திரும்பியபோது இருவரும் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தார்கள்.

"இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டியாமேடி" என்றார் அம்மா. ஒரு வருஷத்தில் அவர் பேசிய முதல் பேச்சு.

"நீ செத்துப் பூட்டேன்னு சொன்னாங்கக்கா."

எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். ஆனால் அம்மா பிரியாணியைத் தொடவே இல்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்றே அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்களும் வந்ததிலிருந்து அவரைப் பற்றி மட்டுமே கேட்கிறீர்கள். செய்தது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இல்லத்தில் இன்னும் பதினோரு பேர் இருக்கிறார்கள். வேளைக்குச் சாப்பிடுகிறார்கள், யாரும் கேட்டுப் பக்கம் போவதில்லை. அவர்கள் ஒவ்வொருவருக்கும் வெளியே பதினாறாம் நாள் காரியம் முடிந்தாயிற்று. அவர்களையாவது நிம்மதியாக இருக்க விடுங்கள்.