பூட்டுக்குப் பொட்டு வைத்த பூஜை

விழாவுக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும், கல்லூரியைக் கண்ணெனக் காக்கும் தாளாளர் பெருந்தகை திம்மராயன் அவர்களே! சூளகிரித் தொழிற்பேட்டையிலிருந்து ஷிப்ட் முடித்த கையோடு வந்திருக்கும் தோழர்களே! பேரிகையிலிருந்து பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைதட்டக் காத்திருக்கும் மாணவக் கண்மணிகளே! இயந்திரவியல் பேராசிரியன் மாதேஸ்வரனின் அன்பு வணக்கம்.

ஆயுத பூஜையன்று எந்தக் கதவையும் அடைக்க மாட்டோம். அது நம் வழக்கம். இன்று லேத்துக்குப் பொட்டு வைத்தோம், லாரிக்குப் பொட்டு வைத்தோம். என் ஆய்வு மாணவி லிபியாவின் ஆய்வகத்தில் மட்டும் பூட்டுக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறோம்! ஏன்?

அவர் செய்தது என்ன? கார்பன் நாரை இழுத்துச் சுற்றி, ஆட்டோவுக்கு எடை குறைந்த கேஸ் சிலிண்டர் செய்யும் இயந்திரம். போன வருடம் இதே பூஜையில் பார்த்தீர்களே! தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அவர் விளக்கினாரே! செல்போனில் படம் பிடித்தீர்களா, இல்லையா? அங்கே ஒரு தோழர், "புடிச்சோம் சார், இன்னும் வச்சிருக்கேன்" என்கிறார். மெதுவாகச் சொல்லுங்கள் ஐயா, எனக்கே பயமாக இருக்கிறது!

ஆட்டோ சிலிண்டரைச் சுற்றும் அதே நுட்பம் ராக்கெட்டின் உடலையும் சுற்றுமாம். ஆகவே அரசு அனுமதியின்றி அதை அயல்நாட்டுக்கு அனுப்பக் கூடாதாம். பெட்டியில் போனாலும் ஏற்றுமதி. மெயிலில் போனாலும் ஏற்றுமதி! விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தீயவர் கையில் அது சேரக் கூடாதுதான். ஆனால் லிபியாவின் ஆய்வேட்டை மதிப்பிட வேண்டியவர் ஜெர்மனியில் இருக்கிறாரே! அனுப்பினால் குற்றமா? அனுப்பாவிட்டால் பட்டம் ஏது? அடிப்படை ஆராய்ச்சிக்கு விலக்கு உண்டு என்கிறார்கள். இது அடிப்படையா, அதற்கு மேலா? ஊரறிந்த செய்திக்குத் தடையில்லை என்கிறார்கள். பேரிகை அறிந்தால் ஊரறிந்ததாகுமா? கல்லூரி அலுவலகத்தில் கேட்டேன். "தெரியல சார், எதுக்கு வம்பு, பூட்டிடுங்க" என்றார்கள். பைத்தியம் பிடிக்காத குறைதான் எனக்கு!

முந்தாநாள் லிபியா வந்தார். "சார், நாரு சுத்துற முறைய எழுதுன நாலாவது சாப்டர எடுத்துடறேன். சிலிண்டர் வெடிச்சுப்போன சோதனைங்க மட்டும் போவட்டும். தோத்தத அனுப்புனா யாரும் தடுக்க மாட்டாங்கல்ல?" என்றார். வென்றது பூட்டுக்குள், தோற்றது பட்டத்துக்கு! இப்படியும் ஒரு கணக்கா? கூட வந்த அவருடைய தாயார் ஜெபசீலி கேட்டார்: "அப்ப எம்பொண்ணு பாஸா, ஃபெயிலா சார்?"

தாளாளர் ஐயா! அனுமதி கேட்டு விண்ணப்பிக்க உங்கள் ஒப்புதல் ஒன்று போதும். "சரி" என்று பதில் வந்தால் அனுப்புவோம். "கூடாது" என்று வந்தால் உள்நாட்டிலேயே ஒரு தேர்வாளரைத் தேடுவோம். கேட்கவே இல்லையே நாம்! கேட்காமலே, யாரும் இன்னும் தடுக்காத ஒன்றைத் தடுத்துவிட்டதாக நாமே பயந்து, பெற்ற பிள்ளையின் பாதியை வெட்டச் சொல்வது எந்தச் சட்டம்?

ஜெபசீலி அம்மாள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். நான் கீழே இறங்கினால் மறுபடி கேட்பார். அதனால் இறங்கப் போவதில்லை. இந்த மைக்கருகிலேயே நிற்கிறேன். இவ்வளவு நேரம் கேட்ட அவையோருக்கு நன்றி. பதில் சொல்லப் போகும் உங்களுக்கு, தாளாளர் ஐயா, வணக்கம்!